பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படி

அன்பு மகளுக்கு,

பதப்படுத்திய உணவு எல்லாமே கெடுதலா என்று கேட்டிருந்தாய். இல்லையம்மா. அரைத்த மாவு, உறையவைத்த பட்டாணி, பாக்கெட் பால் எல்லாம் பதப்படுத்தியவைதான். பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்குவது நோய்க்கிருமிகளைக் கொல்லத்தான். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

பிரேசிலில் கார்லோஸ் மொன்டெய்ரோ குழுவினர் வகுத்த 'நோவா' முறையில், எந்த அளவுக்குப் பதப்படுத்தியது என்பதைப் பொறுத்து உணவு நான்கு வகை. யோசித்து வாங்க வேண்டியது நான்காவது: மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் தூள்), புரத ஐசோலேட் (தனியே பிரித்தெடுத்த புரதம்), எமல்சிஃபையர் (எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்திருக்கச் சேர்ப்பது), செயற்கை மணம் என்று எந்த வீட்டுச் சமையலறையிலும் இல்லாத சரக்குகளால் ஆலையில் உருவாவது. அமெரிக்காவில் 2019-இல் வெளியான ஒரு சோதனையில், 20 பேருக்கு இந்த வகை உணவை இரண்டு வாரமும் அதிகம் பதப்படுத்தாத உணவை இரண்டு வாரமும் கொடுத்தார்கள். பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறக்குறைய சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு உண்டபோது தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, எடை ஏறத்தாழ 0.9 கிலோ ஏறியது. மென்மையாக இருப்பதால் வேகமாக இறங்கிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம். வயிறு நிறைந்ததை உடல் உணர்வதற்குள் தட்டு காலி.

அதற்காக நான்காம் வகை முழுவதையும் ஒதுக்காதே. கொஞ்சம் எமல்சிஃபையர் சேர்த்த முழுக்கோதுமை ரொட்டியும் இனிப்புக் குளிர்பானமும் அதே பட்டியலில்தான் வருகின்றன. என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றல்ல. குளிர்பானத்தையும், சாசேஜ், பேகன் (உப்பிட்ட பன்றி இறைச்சி) போன்ற பதப்படுத்திய இறைச்சியையும் முதலில் குறை. அந்த இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் உறுதிப்படுத்தியது.

வாங்கும்போது பொருள் பட்டியலைப் பார். எடை அதிகமானது முதலில் வரும். சர்க்கரையை மட்டும் குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று பல பெயர்களில் பிரித்து எழுதிக் கீழே தள்ளிவிடுவார்கள். எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணு. 'ஒரு பரிமாறலுக்கு' என்ற கணக்கை நம்பாதே, அந்தப் பரிமாறல் பெரும்பாலும் நீ சாப்பிடுவதைவிடச் சின்னது. 100 கிராமுக்கான கணக்கைப் பார். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு: 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. நாள் முழுவதுக்கும் 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். டின் பயறு வாங்கினால் நீரை வடித்து நன்றாக அலசு, உப்பு கணிசமாகக் குறையும்.

நீ அடிக்கடி வாங்கும் மூன்று பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா