ஏழு மணிக்கு இறங்கி வந்த தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்பான எல்லோருக்கும்,

என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று மாலை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடிக்க, படிக்குப் படி நின்று நின்று ஏறி வந்தார். இப்போது உள்ளறையில் தூங்குகிறார். அவர் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினால் விடிந்துவிடும். வார்ட்டில் இராப்பகலாக நின்ற தாதியருக்கும் வைத்தியர்களுக்கும், இரத்தம் கொடுக்க ஓடி வந்த அவருடைய அலுவலகப் பிள்ளைகளுக்கும், சோற்றுப் பார்சலோடு வந்து நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்த கன்னியாஸ்திரிகளுக்கும், விடியற்காலை மூன்று மணிக்கும் போன் எடுத்த ஓட்டோ நானாவுக்கும், செவ்வாய்க்கிழமை கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் எங்களுக்காக மெழுகுதிரி கொளுத்திய பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவுக்கும் நன்றி. அக்கா பௌத்தர்தான், ஆனால் கொச்சிக்கடைக்கு மற்றச் சமயத்தவர் வருவது ஒரு புதினமே இல்லை. வெள்ளவத்தை மெதடிஸ்த சபைச் சகோதரிகளுக்கும், நேரம் காலம் பார்க்காமல் வாட்ஸ்அப்பில் செபித்த டொரன்டோ, லண்டன் உறவுகளுக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள்.

இனி எழுதப் போவதெல்லாம் எங்கள் தொடர்மாடியில் மேல்வீட்டில் இருக்கும் 15 வயதுப் பையனைப் பற்றி. பெயர் போட வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். போட்டால் வகுப்பில் கிண்டல் செய்வார்களாம்.

நான் அவரோடு ஆஸ்பத்திரியில் நின்ற 17 நாளும் என் அம்மா வீட்டில் இருந்தார். அவருக்கு 84 வயது. ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. என் பெயரே சில நாள் வராது. சித்தியின் மகள் இரவில் வந்து தங்கினாள், ஆனால் வேலை முடிந்து அவள் கொட்டாஞ்சேனை வந்து சேர எட்டு மணியாகிவிடும். பகலில் மேல்வீட்டு அம்மாதான் சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொண்டார். அம்மா எதை மறந்தாலும் ஏழு மணியை மறக்க மாட்டார். மன்னாரில் தன் அம்மம்மாவின் மடியில் இருந்து பழகிய நேரம் அது. விளக்கு வைத்த கையோடு செபமாலை.

செபமாலை என்பது மாலையின் மணிகளை ஒவ்வொன்றாக உருட்டி மாதாவை நோக்கிச் சொல்லும் செபம். வீட்டில் கூடிச் சொல்லும்போது அது ஒருவர் வாயால் முழுதாகச் சொல்லும் செபமில்லை. ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்லுவார்கள். முதல் நாள் மாலை அம்மா தொடங்கியிருக்கிறார். "...உம்முடைய திருவயிற்றின் கனியாகிய இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்திருக்கிறார். பதில் இல்லை. மறுபடி முதல் பாதி. மறுபடி பதில் இல்லை. மேலே ஜன்னலோரம் கணக்குச் செய்துகொண்டிருந்த பையனுக்கு அது கேட்டிருக்கிறது. ஏன் இறங்கி வந்தாய் என்று பிறகு கேட்டேன். "அம்மம்மா அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தா அன்ரி. ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. அதுதான்," என்றான்.

அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மறைக்கல்வியில் படித்தபடி "தூய மரியே, இறைவனின் தாயே" என்று தொடங்கினானாம். அம்மா கையால் நிறுத்தியிருக்கிறார். "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே என்று சொல்லு." பெற்ற மகளின் பெயர் நினைவில்லாதவர், ஒரு சொல் மாறினால் கண்டுபிடிக்கிறார்! பையன் ஆங்கில மீடியம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். அடுத்த நாள் ரியூஷன் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, அம்மாவைச் சொல்லச் சொல்லி, அந்தப் பழைய தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டான். அந்தத் தாள் இன்னும் எங்கள் சுரூபத்தின் அடியில் இருக்கிறது. 'சர்வேசுரன்' மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். கதவுக்கு வெளியே நின்றபோது அம்மாவின் குரலும், உடைந்துகொண்டிருக்கும் அந்த ஆண்பிள்ளைக் குரலும் மாறி மாறிக் கேட்டன. அம்மா அவனைத் தன் செத்துப்போன தம்பியின் பெயரால் கூப்பிட்டார். அவனும் "ஓம்" என்றான். என்னால் உள்ளே போக முடியவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் எனக்குச் செபம் வரவே இல்லை, உண்மையைச் சொல்கிறேன். மணியை உருட்டினேன், வாய் வறண்டு போயிருந்தது. அன்று படியில் இருந்தபடி "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்று அவன் சொல்லும்போது நானும் சொன்னேன். அந்த 'எங்களுக்காக' என்ற சொல்லுக்குள் நானும் இருக்கிறேன் என்று 51 வயதில்தான் எனக்கு விளங்கியது.

வெட்கத்தோடு இதையும் எழுத வேண்டும். எத்தனை வருஷம் நான் அம்மாவிடம் "இன்றைக்குச் செபமாலையில் பத்து மணி போதும் அம்மா, 53 மணியும் சொல்ல நேரமில்லை" என்று சொல்லியிருப்பேன்! அதற்கும் போனைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறேன். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கோயில்கள் மூடிக் கிடந்தபோது, தொலைக்காட்சியில் பேராயர் ஒப்புக்கொடுத்த பூசைக்கு அம்மா மட்டும் சத்தமாகப் பதில் சொன்னார். "அவருக்குக் கேட்கவா போகிறது?" என்று நான் சிரித்தேன்.

யோசப் வாஸ் அடிகளாரின் கதையை அம்மா அடிக்கடி சொல்வார். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போன பிறகு கத்தோலிக்கக் குருமார் இருக்கத் தடை. 1687இல் கோவாவிலிருந்து இவர் பிச்சைக்காரர் போல வந்து, கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் போனாராம், மணியைக் கண்டு யார் முகம் மாறுகிறது, யார் மறைவில் இருக்கும் கத்தோலிக்கர் என்று பார்க்க. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கிய அன்று, அம்மா முதல் நாள் இரவே காலிமுகத்திடலுக்குப் போய்க் காத்திருந்தார். நான் அந்தக் கதையில் எப்போதும் அடிகளாரைத்தான் பார்த்தேன். இப்போது அந்த வீடுகளைப் பார்க்கிறேன். ஏறக்குறைய முப்பது வருஷம் பூசை இல்லை, சாமியார் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கிழவி முதல் பாதியைச் சொல்லியிருப்பார், ஒரு பிள்ளை மறுபாதியைச் சொல்லியிருக்கும். வேறு எப்படி அந்த மணியைக் கண்டதும் அவர்களுக்கு முகம் மாறியிருக்கும்?

ஜூன் 13 அந்தோனியார் திருநாளுக்குக் கொச்சிக்கடைக்கு நடந்தே போவதாக என் கணவர் நேர்ந்திருக்கிறார். கொட்டாஞ்சேனையிலிருந்து அது ஒரு தூரமே இல்லை, ஆனால் நேற்று அவர் படியேறியதைப் பார்த்த எனக்கு அது பெரிய தூரம்தான். என்னுடைய நேர்த்தி சின்னது. ஏழு மணிக்கு இந்த வீட்டில் செபமாலையின் 53 மணியும் சொல்லப்படும், போன் குசினியில் இருக்கும்.

தம்பி, நீ ரியூஷனுக்குப் போன இரண்டு நாளும் உன் தங்கையை அனுப்பினாயே, அதற்கும் நன்றி. அவள் பாதியில் தூங்கிவிட்டாளாம். அம்மா போர்த்திவிட்டு, அவளுடைய பாதியையும் தானே சொன்னாராம். உனக்கு அடுத்த வாரம் தவணைப் பரீட்சை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உன் பெயரைத் தவறாகத்தான் சொல்லி வேண்டுவார், பொறுத்துக்கொள். நாளைக்கு வரும்போது தங்கையையும் கூட்டி வா. அங்கிள் படுத்தபடியே பதில் சொல்வாராம். பிஸ்கட் வாங்கி வைத்திருக்கிறேன்.