டியூப்லைட் மாற்ற வந்த தம்பிக்கு

அப்பா நேற்று மாலை வீடு திரும்பிவிட்டார். இந்த மூன்று வாரம் நாங்கள் பட்ட பாடு உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

ரத்தம் கொடுத்தவர்கள், ராத்திரி இரண்டு மணிக்கும் போனை எடுத்த டாக்டர், முகம் சுளிக்காத நர்ஸ் பெண்கள், ஊர் ஊரிலிருந்து ஓடி வந்த அப்பாவின் பழைய மாணவர்கள், தினமும் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து நின்ற எதிர் வீட்டு அக்கா, எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் தம்பி.

வென்டிலேட்டரை எடுத்து நான்கு நாளாகியும் அப்பா பேசவில்லை. எங்களை அடையாளம் தெரியவில்லை. வலது கையை மட்டும் இடமிருந்து வலமாக, விட்டு விட்டு நகர்த்திக்கொண்டே இருந்தார். வலிப்போ என்று பயந்தோம். ஏணியிலிருந்து இறங்கிய தம்பி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார் மோட்டார் ஸ்டார்ட் பண்றாரும்மா" என்றார்.

அண்ணா பல்கலைக்கழகம் உருவாவதற்கு 7 ஆண்டு முன்பே, 1971-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, 34 வருடம் மெஷின்ஸ் லேபில் நின்றவர் அப்பா. டி.சி. மோட்டார் சுழலும்போது அதற்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தம் உண்டாகி, உள்ளே வரும் கரண்டைக் கட்டுப்படுத்தும். நின்றிருக்கும் மோட்டாருக்குள் அது கிடையாது. 220 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் கரண்ட் தாறுமாறாகப் பாய்ந்து சுருள் கருகிவிடும். அதனால் மோட்டார் வேகம் எடுக்க எடுக்க, ஸ்டார்ட்டர் கைப்பிடியை ஒவ்வொரு ஸ்டட்டாக (உலோக முனை), நிறுத்தி நிறுத்தித்தான் நகர்த்த வேண்டும். அவசரப்படும் மாணவனின் கை மேல் தன் கையை வைத்து அப்பா நகர்த்துவாராம். பெற்ற மகளுக்குப் புரியாத அந்தக் கையசைவு ஐ.டி.ஐ. படித்த தம்பிக்குப் புரிந்தது.

கட்டிலருகே குனிந்து, "சார், ஃபீல்டு ரியோஸ்டாட்டை எதுல வைக்கணும்?" என்று கேட்டார். மோட்டாரின் காந்தப்புலத்தை, அதாவது ஃபீல்டைக் கூட்டிக் குறைக்கும் மின்தடை அது; தடை குறைந்தால் ஃபீல்டு கூடும்.

கை நின்றது. "மினிமம்."

"ஏன் சார்?"

"ஃபீல்டு குறைஞ்சா... ஸ்பீடு..." என்று ஆரம்பித்தவர் அப்படியே தூங்கிப் போனார். நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதேன். திரும்பி வந்தபோது தம்பி ஏணியோடு அடுத்த வார்டுக்குப் போயிருந்தார்.

அப்பாவின் லேப் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்லி நச்சரித்தவள் நான். இனி அதில் ஒரு தாள்கூட இந்த வீட்டை விட்டுப் போகாது.

தம்பி, நடந்ததை இன்று காலை அப்பாவிடம் சொன்னேன். "கேள்வி கேட்ட பையனைப் பாதி பதிலோட அனுப்பிட்டேனே" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க. மீதியைச் சொல்லக் காத்திருக்கிறார்.