இறகில் ஒரு வெடுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மச்சான்,

உன் பார்சல் போன கிழமை வந்து சேர்ந்தது. தபால்காரத் தம்பி படலையில் நின்றபடியே, "ஐயா, இதுக்குள்ள கருவாடா வச்சி அனுப்பியிருக்காங்க?" என்று கேட்டான். கனடாவிலிருந்து மட்டக்களப்புக்குக் கருவாடு! பிரித்துப் பார்த்தால், நீ ஆசையாய் வைத்த அந்தச் சின்ன மீன்மண எண்ணெய்ப் போத்தலின் மூடி கழன்று, பேரனுக்கு அனுப்பிய ரீசேர்ட் முழுக்க ஊறிக் கிடக்கிறது. மனிசி மூன்று தரம் சவர்க்காரம் போட்டுத் தோய்த்துவிட்டாள். வெடுக்குப் போகவில்லை. பூனை கொடியடியை விட்டு அசையவும் இல்லை.

போத்தலின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தூண்டில் முள்ளில் இறகோ மயிரோ சுற்றிக் கட்டும் இறகுப் பூச்சியில் மணம் பூசலாமா என்று நீ கேட்ட கேள்விக்கு அது போதும் என்று வைத்துக்கொண்டேன்.

உங்கள் ஆற்றங்கரையில் கிழவர்கள் ஒரு பக்கம், பொடியன்கள் ஒரு பக்கம் நின்று சண்டை பிடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இறகுப் பூச்சியில் மணம் பூசுவது களவு என்கிறார்கள் கிழவர்கள். மீன் கொத்தினால் சரிதானே என்கிறார்கள் பொடியன்கள். நீ குளிர் ஆற்றில் ட்ரவுட் மீனுக்கு எறிகிறாய், நான் வாவியில் பாரைக்கும் கொடுவாவுக்கும் எறிகிறேன். இடம் வேறென்றாலும் கேள்வி ஒன்றுதான்.

ஒரே மாதிரி மூன்று பூச்சி கட்டினேன். வெள்ளாட்டு வால் மயிர், முதுகில் கொஞ்சம் பச்சை, கண்ணுக்கு ஈயமணி. 1987இல் அமெரிக்கத் தூண்டில்காரர் பொப் கிளௌசர் கட்டிக் காட்டியது என்று நீ போன முறை வந்தபோது பழக்கினாயே, அதே முறைதான். மான் மயிருக்குப் பதில் ஆடு. ஒன்றை வெறுமனே விட்டேன். ஒன்றில் உன் போத்தல் மருந்து. மற்றதை எங்களூர் மருந்தில் போட்டேன்: இறால் தலையை அம்மியில் நசுக்கிப் பிழிந்த தண்ணீரில் ஒரு இரவு. அதை எடுத்து ஜன்னல் கட்டையில் காய வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். காலையில் சுவர் மூலையிலிருந்து ஜன்னல் வரை எறும்பு ஒரு கோடு கிழித்திருந்தது. ஈயக் கண் மட்டும் வெளியே தெரிந்தது, மயிர் முழுக்கக் கறுப்பாய் ஊர்ந்துகொண்டிருந்தது. ஆக, இறால் மணத்துக்கு முதல் கொத்தியது எறும்பு.

பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் மூன்று நாள் வெள்ளாப்பில் போனேன். முதல் நாள் மூன்றிலும் ஒன்றும் இல்லை. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். மற்ற இரண்டு நாளும் வெறும் பூச்சிக்கு இரண்டு சின்னப் பாரை, ஒன்றரைக் கிலோ வரும் ஒரு கொடுவா. உன் போத்தலுக்கு ஒரு பாரை. இறால் தண்ணிக்கு மூன்று கெளிறும் ஒரு நண்டும். நண்டு ஒரு கவ்வு கவ்விப் பாதி மயிரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கெளிறைக் கழற்றும்போது அதன் முள் பெருவிரலில் ஏறி, அன்று பின்னேரம் வரை கை கடுத்தது. சின்ன வயதில் உனக்குக் குத்தியபோது நீ அழுத அழுகையை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். மன்னித்துக்கொள்.

மூன்று வெள்ளாப்பை வைத்து விஞ்ஞானம் பேச முடியாது, தெரியும். ஆனால் நடந்ததில் நியாயம் இருக்கிறது. மீனின் மூக்கு மூச்சுவிட இல்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஓட்டையால் தண்ணீர் உள்ளே போய் அடுத்த ஓட்டையால் வெளியே வரும், நடுவில் மடிப்பு மடிப்பாய் ஒரு தோல் மணத்தைப் பிடிக்கும். தண்ணீரில் கரைந்ததுதான் அதற்கு எட்டும். இறால் சாற்றிலுள்ள அமினோ அமிலங்கள் கரையும். கெளிறுக்கு மீசையிலும் உடம்பிலும் கூட ருசி தெரியும், அதனால் அது இருட்டிலும் தேடி வரும். உன் போத்தலில் இருப்பதோ எண்ணெய். சட்டித் தண்ணீரில் ஒரு துளி விட்டுப் பார்த்தேன். வானவில் மாதிரி மேலே படர்ந்து அப்படியே நின்றது. ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அதில் என்ன தெரியப்போகிறது?

இன்னொன்று. நீ ட்ரவுட்டுக்குப் பூச்சியை விடும்போது அது நீரோட்டத்தோடு சேர்ந்து, அதே வேகத்தில்தானே இறங்குகிறது? அப்படியென்றால் மணமும் அதைச் சுற்றியே வரும், முந்திக்கொண்டு மீனிடம் போகாது. மீன் ஓட்டம் வரும் பக்கம் பார்த்து நிற்கிறது. பூச்சி தலைக்கு மேலால் போக ஒன்றிரண்டு நொடி. அதற்குள் கண்தான் முடிவெடுக்கும். ஈயம் கட்டித் தரையில் கிடத்திய இரை வேறு கதை. இரை அசையாமல் கிடக்க, ஓட்டம் அதன் மணத்தைக் கீழே கீழே இழுத்துக்கொண்டு போகும். முகத்துவாரத்தில் இறால் குத்திப் போட்டுவிட்டு அரை மணி நேரம் கதைத்துக்கொண்டிருப்பவனுக்கு மணம் வேலை செய்கிறது. விசுக் விசுக்கென்று எறிந்து இழுப்பவனுக்கு இல்லை.

மாரியில் வாவி கலங்கித் தேத்தண்ணி நிறத்தில் ஓடும்போது மணம் உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் அப்போது இறகு எதற்கு? இறாலையே குத்திப் போடு, புளியாணத்துக்கு மீன் கிடைக்கும். யார் வேண்டாமென்றது?

உன் கிழவர்கள் 'மரபு' என்று சொல்வதைத்தான் நான் ஏற்கமாட்டேன். இங்கிலாந்துக்காரர் ஐசாக் வால்டன் 1653இல் எழுதிய தூண்டில் நூலிலேயே இரைக்கு எண்ணெய் பூசும் கைமருந்துகள் இருக்கின்றன. மணம் பூசுவது ஆதி காலத்துப் புத்தி, பொடியன்கள் கண்டுபிடித்ததில்லை. சாதனை பதியப் போகிறவர்களுக்கு மட்டும் பேச்சில்லை. 1939இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதியில் இறகுப் பூச்சியில் எந்த மணமும் கூடாது, இயற்கையோ செயற்கையோ. நீ சாதனைக்கா போகிறாய்? முழங்கால் தாங்கினாலே பெரிய காரியம்.

எனக்குப் பட்ட உண்மையான காரணம் வேறு. நீ பிடிப்பதைத் திருப்பி விடுகிறாய். மணம் இருந்தால் மீன் துப்பாமல் வாய்க்குள் வைத்துக்கொண்டு உள்ளே விழுங்கும், தூண்டில் முள் தொண்டைக்குப் போகும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வானவில் ட்ரவுட்டில் செய்து 1996இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இறகுப் பூச்சியில் பிடித்து விட்டவற்றில் ஏறக்குறைய 4 வீதம் செத்தன. மணம் ஏற்றிய செயற்கை இரையைச் சும்மா கிடத்திப் பிடித்தவற்றில் மூன்றில் ஒன்று போனது. பூச்சியில் தடவுவதும் அதுவும் ஒன்றல்ல, ஆனாலும் பாதை அந்தப் பக்கம்தான். என் மீன் எப்படியும் சட்டிக்குப் போகிறது, எனக்கு இதில் பெரிய கவலை இல்லை. உனக்கு இருக்க வேணும்.

இனி அந்த முதல் நாள். அன்று முழங்காலுக்குத் தைலம் தேய்த்த கையோடு பூச்சியைத் தூண்டில் நூலில் முடிந்தேன். போதாக்குறைக்கு வழியில் தம்பியின் மண்ணெண்ணெய் எஞ்சினையும் தொட்டேன். உனக்கு என் சின்ன மாமாவை நினைவிருக்கும். தங்கூசி நூலைத் தொட முன்னம் குனிந்து வாவிச் சேற்றை ஒரு பிடி அள்ளி, இரண்டு கையிலும் சவர்க்காரம் மாதிரித் தேய்த்துக் கழுவுவார். நாங்கள் சிரிப்போம். இரண்டாம் நாள் நானும் அப்படித்தான் செய்தேன். உன் நாட்டிலேயே, பிரிட்டிஷ் கொலம்பியாவில், 1950களில் ஆராய்ந்திருக்கிறார்கள். மனிதன் கை கழுவிய தண்ணீரை மேலே விட்டால் ஆறேறி வரும் சால்மன் தயங்கிப் பின்வாங்கியதாம். காரணம் தோலிலிருந்து வரும் செரின் என்ற அமினோ அமிலம். மாமாவுக்கு அந்தப் பெயர் தெரியாது, சேறு தெரியும்.

ஆகவே மச்சான், நீ மணத்தைப் பூசாதே, இருக்கிற நாற்றத்தைக் கழுவு. முகத்தில் பூசுகிறாயே வெயில் கிறீம், அதைத் தடவிய விரலால் முடிச்சுப் போடாதே. கரையில் ஒரு பிடி மண் கிடைக்காமலா போகும்?

மற்றபடி எல்லாரும் சுகம். மகள் இப்போது களுவாஞ்சிக்குடியில் படிப்பிக்கிறாள், கிழமைக் கடைசியில் வருவாள். நாங்கள் இருந்து வாவிக்குள் பாடும் மீனின் சத்தம் கேட்ட பழைய பாலத்தில் பின்னேரங்களில் இப்போது நடக்கிறவர்கள் கூட்டம். வாகனம் எல்லாம் புதுப் பாலத்தால் போகிறது. துடுப்பைக் காதில் வைத்துக் கேட்க இனித் தோணியில்தான் போகவேணும்.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்கு வருவாய்தானே? வரும்போது உப்புத் தண்ணிக்குத் துருப்பிடிக்காத 2ஆம் இலக்க முள் ஒரு பெட்டி கொண்டு வா. போத்தல் வேண்டாம். பேரனுக்கு இன்னொரு ரீசேர்ட்டும் வேணும், பழையதைப் போடவே மாட்டேன் என்கிறான். பூனை அதில்தான் படுக்கிறது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி