பாட்டியின் இடது புருவம்

அன்புள்ள தம்பிக்கு,

மடிப்பு விழுந்த பழைய பாட்டி ஃபோட்டோவை ஃபோட்டோஷாப்பில் சரிசெய்து அனுப்பியிருந்தாயே, அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சேலையிலும் சுவரிலும் மடிப்புக் கோடு இருந்த தடமே தெரியவில்லை. ஆனால் அதே கோடு இடது புருவத்தைக் கடக்கிற இடத்தில் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரே அளவு உருண்டை பிரஷ்ஷால் ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறாய். மை தீற்றியது போல் நிற்கிறது. படம் கொடுத்த வீட்டில் பாட்டியின் படம் இது ஒன்றுதான் என்று நீயே சொன்னாய். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதலில் அளவு. ஒவ்வொரு தடவையும் ஸ்லைடரைத் தேடிப் போகாதே. ஃபோட்டோஷாப்பில் இடது சதுர அடைப்புக்குறியை அழுத்தினால் பிரஷ் சிறுக்கும், வலதை அழுத்தினால் பெருக்கும். ஷிஃப்ட்டோடு அழுத்தினால் ஹார்ட்னஸ், அதாவது பிரஷ் ஓரத்தின் கூர்மை, மாறும். அது வேலை செய்யவில்லை என்றாயே, கீபோர்டு தமிழ்99 என்கிற தமிழ்த் தட்டச்சு முறையில் இருந்ததா பார். அதில் அந்த இரண்டு விசைகளும் ச, ஞ. நம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறிப் பத்திரிகை அடித்துவிட்டு அப்படியே படத்துக்கு வருகிறவர்களுக்கு இது வாடிக்கை. ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள். விண்டோஸில் இன்னொரு வழியும் உண்டு: ஆல்ட்டையும் மவுஸின் வலது பட்டனையும் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் அளவு, மேலும் கீழும் இழுத்தால் ஹார்ட்னஸ். முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே வேண்டியதில்லை. வட்டம் மறைந்து சின்னக் குறி மட்டும் தெரிந்தால், கேப்ஸ் லாக் விழுந்திருக்கும்.

அளவு எனக்கு எப்படி உறைத்தது தெரியுமா? தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் பருவை ஹீலிங் பிரஷ்ஷால் எடுத்தேன். பிரஷ் பருவைவிட மூன்று மடங்கு பெரிது. பக்கத்தில் இருந்த மச்சமும் சேர்ந்து போய்விட்டது. ஆல்பம் அச்சாகிப் போன பிறகு அந்த அம்மா வந்து, "இது என் பொண்ணு மூஞ்சியே இல்லைங்க" என்றார். அன்றிலிருந்து எந்தக் கறையானாலும், அதைவிட ஒரு நூல் பெரிதாகத்தான் பிரஷ் வைக்கிறேன்.

இனி பிரஷ்ஷைத் திருப்புவது. அம்புக்குறி விசையை அழுத்தியும் ஒன்றும் ஆகவில்லை என்கிறாய். உருண்டையை எப்படித் திருப்பினாலும் உருண்டைதானே? எஃப்5 அழுத்திப் பிரஷ் அமைப்பைத் திற. அங்கே வட்டத்தின் ஓரப் புள்ளியைப் பிடித்து உள்ளே தள்ளி, ரவுண்ட்னஸை 20% அளவுக்குக் கொண்டு வா. பிரஷ் நெல்மணி போல் ஒடுங்கும். இப்போது இடது, வலது அம்புக்குறி ஒரு டிகிரி திருப்பும். ஷிஃப்ட்டோடு 15 டிகிரி. உங்கள் கடைக் கம்ப்யூட்டரில் இருப்பது பழைய பதிப்பு என்றால் விசை கேட்காது. அதே வட்டத்தில் இருக்கும் அம்பைப் பிடித்துச் சுற்று.

எனக்கு இது பனைமரத்தில் பழகியது. வெளியே எடுத்த ஜோடிப் படங்களில் நம்மூர்ப் பனை பின்னால் நிற்காமல் இருக்காது. வானத்தை மாற்றச் சொல்லுவார்கள். ஓலை விசிறியாக விரிந்திருக்கும், ஒவ்வொரு கீற்றும் ஒரு கோணம். உருண்டை பிரஷ்ஷில் மாஸ்க் போட்டால், அதாவது ஓலையை விட்டு வானத்தை மட்டும் மறைத்தால், நுனியெல்லாம் மொண்ணையாகிவிடும். ஒடுக்கிய பிரஷ்ஷைக் கீற்றுக்குக் கீற்று திருப்பினால்தான் ஓலை ஓலையாக இருக்கும்.

புருவமும் அப்படித்தான். மூக்கை ஒட்டி முடி நிமிர்ந்து நிற்கும், போகப் போகக் காதுப் பக்கம் சாயும். வால் பக்கம் கிட்டத்தட்டப் படுத்துவிடும். படத்தின் மேல் தனி அடுக்காகப் புது லேயர் ஒன்று போட்டுக்கொள். ஆல்ட் பிடித்து வலது புருவத்திலிருந்து நிறத்தை எடு. அது மடிப்பில் சிக்காமல் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு முடியாக வை, நான்கைந்து வைத்ததும் பிரஷ்ஷைக் கொஞ்சம் திருப்பு, வாலுக்கு வரும்போது அளவைக் குறை. இரண்டு புருவமும் அச்சு அசலாக ஒன்றுபோல் வர வேண்டாம். பாட்டிக்கு இடது புருவம் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது, மடிப்புக்கு வெளியே மிச்சம் இருக்கிற முடியைப் பார்த்தால் தெரியும்.

லேயரைப் படத்தோடு மெர்ஜ் செய்து ஒன்றாக்காமல், அடுக்குகள் தனித்தனியாக இருக்கும் பிஎஸ்டி ஃபைலாகவே அனுப்பு. புருவம் மட்டும் போதும். மற்றதைத் தொடாதே.

அன்புடன்,
அண்ணன்