மலை இறக்கத்தில் நியூட்ரல் எரிபொருளை மிச்சப்படுத்தாது

ஆசிரியருக்கு,

வணக்கம். எரிபொருள் சிக்கனம் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, டயரில் காற்றைச் சரியாக வைத்திருப்பது, சிக்னலில் இன்ஜினை அணைப்பது, 80 கிலோமீட்டர் வேகத்தில் விரட்டாமல் 45 முதல் 55 கிலோமீட்டருக்குள் சீராகச் செல்வது என, பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் யோசனைகளைத் தெளிவாக எடுத்துரைத்திருந்தது. அவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அவை பெரும்பாலும் சமவெளிச் சாலைகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. நீலகிரியின் அடிவாரமான மேட்டுப்பாளையத்தில் வசிப்பவன் என்ற முறையில், மலைச்சாலையில் சிக்கனம் என்ற பெயரில் நடக்கும் ஒரு தவறான பழக்கத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

குன்னூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் இறங்கும் கார்களையும் பைக்குகளையும் ஓட்டுபவர்களில் பலர், இறக்கம் தொடங்கியதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுகிறார்கள். வண்டி தானாக உருளும்போது எதற்காகப் பெட்ரோலை எரிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் இருந்த காலத்தில் அந்தக் கணக்கில் ஓரளவு நியாயம் இருந்தது. கியரில் இறங்கினால் இன்ஜின் வேகமாகச் சுழன்று, அதற்கேற்பக் கொஞ்சம் பெட்ரோலை இழுத்துக்கொண்டேயிருக்கும். இன்று ஓடும் கார்களில் அநேகமாக எல்லாமே எரிபொருளை மின்னணு முறையில் அளந்து பீய்ச்சுபவை. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமான பின்பு, புதிய பைக்குகளும் பெரும்பாலும் அந்த முறைக்கே வந்துவிட்டன. இவ்வகை வண்டி கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கின்றன என்பதை உணர்ந்து, எரிபொருள் பீய்ச்சுவதையே வண்டியிலுள்ள கணினி நிறுத்திவிடுகிறது. நியூட்ரலுக்கு மாற்றிய மறுகணம் அந்த இணைப்பு அறுந்துவிடுவதால், இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்க மீண்டும் எரிபொருள் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. அப்போதைக்கப்போதைய மைலேஜைக் காட்டும் வசதியுள்ள காரில் இதை எவரும் சோதித்துப் பார்க்கலாம்: இறக்கத்தில் மூன்றாவது கியரில் காலை எடுத்தால் அந்த எண் தன் உச்சவரம்பில் போய் நிற்கும், நியூட்ரலுக்குப் போனால் கீழே இறங்கிவிடும்.

சாதாரண கார் ஒன்று நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தாலே மணிக்கு அரை லிட்டருக்கும் ஒரு லிட்டருக்கும் இடைப்பட்ட அளவு பெட்ரோல் செலவாகும். குன்னூரிலிருந்து நியூட்ரலில் இறங்கி வர ஒரு மணி நேரம் பிடித்தால், ஏறக்குறைய அந்த அளவு எரிபொருளைத்தான் சிக்கனம் என்ற நம்பிக்கையிலேயே எரித்திருக்கிறோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மிக லேசான சரிவுள்ள நேர்ச்சாலையில், பிரேக்கைத் தொடவே தேவையில்லாத இடத்தில், நியூட்ரலில் வண்டி கூடுதல் தூரம் உருளும் என்று வாதிடுவோர் உண்டு, அது உண்மையும்கூட. ஆனால் கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த இறக்கத்தில் எப்படியும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அந்த வேலையை எரிபொருள் செலவில்லாமல் இன்ஜின் செய்யத் தயாராக இருக்கும்போது, அதைப் பிரேக்கின் தலையில் கட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது.

அதன் விளைவை, இறக்கம் முடியும் கல்லாறு பக்கம் வந்தால் நேரில் காணலாம். கடைசி வளைவைத் தாண்டிய கார்கள் சாலையோரத்தில் நிற்க, முன் சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை எழும். பிரேக் கருகிய வாடை சுற்றிலும் பரவியிருக்கும். பாட்டில் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றுபவர்களும் உண்டு, கொதிக்கும் டிஸ்க் அதனால் கோணிக்கொள்ளும் என்பது தெரியாமல். இது புகையோடு நின்றவர்களின் கதை. சூடேறிய பிரேக் பிடிக்காமல் போய்ப் பாறையிலோ தடுப்புச்சுவரிலோ மோதியவர்களைப் பற்றிய செய்தி இந்தப் பகுதியில் அடிக்கடி வருகிறது. இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் ஆபத்தானது. இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசை தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

ஏறி வரும் வண்டிகளின் எரிபொருளை மிச்சப்படுத்த, இறங்குபவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. குறுகலான மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. சுமையோடு ஏறும் வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டால், அது மறுபடி முதல் கியரில் உறுமிக் கிளம்ப எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பது ஓட்டியவருக்குத் தெரியும். மரியாதைக்காக மட்டும் ஏற்பட்ட விதியாக அதை நினைத்துக்கொள்கிறோம்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. 1986-இல் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட மலைக்கு இந்தக் கட்டுப்பாடு அவசியம்தான். ஆனால் எத்தனை வண்டி ஏறுகிறது என்று எண்ணுகிறோமே தவிர, அவை எப்படி ஓட்டப்படுகின்றன என்று எவரும் கேட்பதில்லை. சோதனைச்சாவடி வரிசையில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு இன்ஜின் ஓட நிற்கும் கார்களையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லும் பலகைகள் சாலையோரத்தில் இருக்கவே செய்கின்றன. அவை காரணத்தைச் சொல்வதில்லை. பாதுகாப்புக்காகப் பெட்ரோலைத் தியாகம் செய்யச் சொல்கிறார்கள் என்றே ஓட்டுநர் எடுத்துக்கொண்டு, பலகையைக் கடந்ததும் நியூட்ரலுக்குப் போய்விடுகிறார். எனவே, வருகிறவர்கள் எல்லோரும் கைப்பேசியில் பெறும் இ-பாஸிலேயே, கியரில் இறங்கினால் எரிபொருள் செலவாகாது, நியூட்ரலில் இறங்கினால் செலவாகும் என்ற ஒரு வரியை மாவட்ட நிர்வாகம் சேர்க்கலாம். உரிமத்துக்காக எட்டுப் போடக் கற்றுத்தரும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளும், மலைக்கே வராத மாணவருக்கும்கூட, இதை வகுப்பில் விளக்குவது பெரிய செலவல்ல. தங்கள் இதழ் அடுத்த கோடைப் பருவம் தொடங்குவதற்குள் இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மேட்டுப்பாளையம்.