ஜியாகிரபி டீச்சருக்கு, ஒரு வருஷம் கழித்து

அன்புள்ள டீச்சர்,

போன வருஷம் இதே வாரம்தான் நமீபியாவில், விண்ட்ஹோக்கில் இறங்கினேன். நாம் இருவராகப் போக வேண்டிய பயணத்தில் ஏன் தனியாக இறங்கினேன் என்பது உங்களுக்குத் தெரியும். பணக் கணக்கையும் இங்கே எழுத மாட்டேன். இந்தப் பக்கத்தை நம் பழைய ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேர் படிக்கிறார்கள். ஆளுக்கொரு கதை ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள், நானும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

ஃபோனில் சொல்லலாம் என்றால் நீங்கள் எடுப்பதில்லை. நேரில் வரலாம் என்று உங்கள் வீட்டு கேட் வரைக்கும் வந்து இரண்டு முறை திரும்பிவிட்டேன். இரண்டாவது முறை உங்கள் துளசி மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளேதான் இருந்தீர்கள்.

முதலில் அந்த விமானத்தைச் சொல்கிறேன். செஸ்னா 210. ஷேர் ஆட்டோவுக்கு இறக்கை வைத்த மாதிரி. பைலட்டேதான் கைடு, ஜீப் ஓட்டுவதும் அவர், ராத்திரி அடுப்பு மூட்டுவதும் அவர். மெயிலில் எடை கேட்டிருந்தார்களே, பைக்கு 10 கிலோ, அப்புறம் நம் எடை எவ்வளவு என்று? நான் நாலு கிலோ குறைத்து எழுதினேன். 'பிளேன் விழுந்தால் உங்க நாலு கிலோவாலதான் விழும்' என்று திட்டினீர்கள். எரோஸ் விமான நிலையத்தில் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நடு சீட்டில் உட்கார வைத்தார். நீங்கள் இருந்திருந்தால் ஸ்வாகோப்முண்ட் வரைக்கும் சிரித்திருப்பீர்கள்.

குய்செப் ஆற்றை மேலிருந்து பார்த்தேன். ஆறு என்று பெயர்தான், வருஷத்தில் பெரும்பாலும் மணல்தான் கிடக்கும். தெற்கேயிருந்து சிவந்த மணல்மேடுகள் வரிசை வரிசையாக வந்து அந்தக் கரையோடு நின்றுவிடுகின்றன. வடக்கே தட்டையான சரளைத் தரை. எப்போதோ வரும் வெள்ளம் மணலை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது, அதனால் மேடுகளால் தாண்ட முடியவில்லை. பாடப் புத்தகத்தில் இல்லாத இந்த ஆற்றை நீங்கள் போர்டில் ஒரே கோடாகப் போட்டு நடத்தியது எனக்குக் கேட்டிருக்கிறது. நடுவில் வெறும் தட்டிதானே. இந்தப் பக்கம் நான் வட்டத்தின் பரப்பளவு நடத்துவேன், அந்தப் பக்கத்திலிருந்து பெங்குவேலா நீரோட்டம் வந்துகொண்டே இருக்கும். 22 வருஷம். உங்கள் பிள்ளைகளைவிட எனக்குத்தான் நன்றாக மனப்பாடம்.

கரைக்கு வந்ததும் எட்வர்ட் போலன் கப்பல். 1909-இல் மூடுபனியில் தரைதட்டியது. இன்றைக்கு அதைச் சுற்றிச் சொட்டுத் தண்ணீர் இல்லை. கடல் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. கப்பல் நின்ற இடத்தில்தான் நிற்கிறது, மணல் சேர்ந்து சேர்ந்து கரை வெளியே போய்விட்டது. மேலே இரண்டு வட்டம் அடித்தோம். எனக்கு வயிறு புரட்டியது.

கடல்நாய்க் கூட்டம், வெல்விட்சியா செடி எல்லாம் போட்டோவில் பார்த்துவிட்டீர்கள். குரூப்பில் போட்டேன், கட்டைவிரலைக் காட்டிவிட்டு குரூப்பை விட்டு வெளியேறினீர்கள். இரண்டுக்கும் நடுவில் நாலு நிமிஷம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்கும் செடிக்கு இரண்டே இலைதான் என்று நீங்கள் சொன்னபோது நம்பவில்லை. குனிந்து எண்ணினேன். இரண்டுதான். காற்று கிழித்துப் போட்டதில் இருபது மாதிரி தெரிகிறது.

போட்டோவில் போடாததைச் சொல்கிறேன்.

ஹுவாப் பள்ளத்தாக்கு முகாம். காலையில் கடலிலிருந்து பனி ஏறி, ஓடுபாதை கண்ணுக்குத் தெரியவில்லை. விலகும்வரை காபியோடு உட்கார்ந்திருந்தோம். பிரெஞ்சுத் தம்பதியில் ஒருவர் கேட்டார், கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்க ஏன் மழையே இல்லை என்று. நான் வாயைத் திறந்தேன். தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டம், அதன்மேல் வரும் காற்றும் குளிர்ந்துவிடுகிறது, குளிர்ந்த காற்று மேலே எழாது, எழாவிட்டால் மேகம் திரளாது, பனி மட்டும்தான் உள்ளே வரும், அந்தப் பனியைத்தான் வண்டு தலைகீழாக நின்று முதுகில் பிடித்துக் குடிக்கிறது. என் ஓட்டை இங்கிலீஷில்தான், ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் உங்களுடையது. நிறுத்தி மூச்சு விட்ட இடம்கூட உங்களுடையது. கைடு கை தட்டினார். ஜியாகிரபி டீச்சரா என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

கணக்கு என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. மீதி நாட்களெல்லாம் ஜியாகிரபி டீச்சராகவே இருந்தேன்.

இனி நிஜமான விஷயம். ஏப்ரலில் உங்கள் மகன் எனக்கு ஃபோன் செய்தார். அது உங்களுக்குத் தெரியாது. 'ஆன்ட்டி, அந்தச் சின்ன பிளேன்ல அம்மா முட்டியை வச்சுக்கிட்டு ஏறி இறங்க முடியுமா, நீங்களே சொல்லுங்க' என்றார். நான், 'கஷ்டம்தான் தம்பி' என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். உங்கள் வீட்டில் அதற்கப்புறம் நடந்தது அந்த இரண்டு வார்த்தையால் நடந்தது.

அக்கறையில்தான் சொன்னேன் என்று ரொம்ப நாள் நம்பினேன். முட்டி வலி பொய்யில்லையே, படியில் நீங்கள் பக்கவாட்டாக இறங்குவதை நான்தானே தினமும் பார்த்தேன். ஆனால் எரோஸில் பைலட் ஒரு சின்ன ஸ்டூலை எடுத்துப் போட்டார், டீச்சர். நம் லேபில் இருக்குமே, அந்த உயரம். இரண்டு முட்டியும் ஆபரேஷன் ஆன 74 வயது ஜெர்மன்காரர் அதில் கால் வைத்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த பிறகும் அக்கறை என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? ஒரு தடவையாவது தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் விளக்கிக்கொண்டே வராமல் எதையாவது பார்க்க வேண்டும் என்று இருந்தது. இதைவிட நாகரிகமாக எழுதத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. நான் இரண்டு வார்த்தை சொன்னேன், சரி. சொந்தச் சம்பாத்தியம், சொந்த பென்ஷன், சொந்த பாஸ்போர்ட். வேண்டாம் என்று யாரோ சொன்னதும் எடுத்துக் கொடுத்தது யார்? ஒன்பதாம் வகுப்பில் 60 பையன்களை ஒரு பார்வையில் உட்கார வைத்தவர் நீங்கள். கோபத்தை என்மேல் காட்டுவது சுலபம், நான் வேறு வீட்டில் இருக்கிறேன். இதற்கு மேல் உங்கள் குடும்ப விஷயம், பொதுவில் வேண்டாம்.

ராத்திரி நெருப்புக்கு முன்னால் கைடு டுனெடின் ஸ்டார் கதை சொன்னார். 1942 நவம்பரில் எலும்புக்கூட்டுக் கரையில் அந்தக் கப்பல் சேதமாகி நின்றது. காப்பாற்ற வந்த இழுவைக் கப்பலும் உடைந்தது, அதில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். தண்ணீர் போட வந்த விமானம் மணலில் இறங்கி மாட்டிக்கொண்டது. லாரிகளும் புதைந்தன. கடைசியில் அந்த முதல் கப்பல்காரர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். கேட்டுவிட்டு டென்ட்டுக்குப் போனேன். இரண்டு கட்டில் போட்டிருந்தார்கள். இருவர் என்று எழுதிக் கொடுத்த பட்டியலை யாரோ திருத்தவில்லை போல. உங்கள் கட்டிலிலும் கம்பளி மடித்து வைத்து, மேலே வெந்நீர்ப் பை. குளிர் தாங்கவில்லை, அந்தப் பையையும் நான்தான் எடுத்துக்கொண்டேன்.

ஹோஆருசிப் ஆற்றுப் பக்கம் போன அன்று மத்தியானம் மணல்மேட்டில் ஏற்றினார்கள். உச்சியில் உட்காரச் சொல்லி, கையால் துழாவிக்கொண்டே சறுக்கச் சொன்னார் கைடு. சேலையோடா என்று யோசிக்காதீர்கள், சுடிதார்தான். பத்தடி இறங்கியிருப்பேன், எங்கேயோ தாழ்வாக விமானம் வரும் சத்தம். அண்ணாந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. மணல்தான் உறுமியது. நன்றாகக் காய்ந்து, ஒரே அளவான மணிகள் மொத்தமாகச் சரியும்போது அப்படி வருமாம். அடிவயிற்றில் அதிர்ந்தது. கையை எடுத்தால் நிற்கிறது, அள்ளினால் மறுபடி உறுமுகிறது. இது நீங்கள் பாடத்தில் சொன்னதில்லை. உங்களுக்கே தெரியாதோ என்னவோ.

இரண்டாம் தடவை சறுக்கும்போது ஃபோனில் பதிவு செய்தேன். 40 நொடி. ஊருக்கு வந்து கேட்டபோதுதான் கவனித்தேன், 31-ஆவது நொடியில் என் குரல் இருக்கிறது. 'டீச்சர், கேக்குதா?' என்கிறேன். சொன்னது எனக்கு நினைவே இல்லை.

அதை யாருக்கும் அனுப்பவில்லை. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறேன், உங்கள் மகன் ஆபீஸ் போயிருப்பார். இந்த முறை கேட்டோடு திரும்ப மாட்டேன். திறக்க இஷ்டமில்லை என்றால் ஜன்னலோரம் வந்து நில்லுங்கள், சத்தத்தை முழுசாக வைத்துப் போடுகிறேன். என் குரல் வரும் இடத்தில் எரிச்சல் வந்தால் வரட்டும், அதற்கப்புறமும் ஒன்பது நொடி மணல் இருக்கிறது.

இப்படிக்கு,
தட்டிக்கு இந்தப் பக்கத்து கணக்கு டீச்சர்