பீரோ சாவியைக் கொஞ்சம் எடுங்கள், ஐயா

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

நான் புத்தகம் எழுதுகிறவன் இல்லை, விற்கிறவனும் இல்லை, கட்டுகிறவன். வேலூர் சைதாப்பேட்டையில் எங்க நைனா போட்ட பைண்டிங் கடையை அவருக்குப் பிறகு முப்பது வருஷமாக நான் பார்த்துக்கொள்கிறேன். கணக்குப் பேரேடு, கோர்ட்டுக் காகிதம், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட், நடுநடுவே நூலகப் புத்தகம். பள்ளிக்கூடத்தில் படித்தது பத்தாவது வரைதான். மற்றதெல்லாம் பசை காய்கிற நேரத்தில் படித்தது.

போன வருஷம் ஒரு பள்ளியிலிருந்து (பெயர் வேண்டாம்) நாலு சாக்கில் புத்தகம் வந்தது. பீரோவில் கரையான் ஏறிவிட்டது, முதுகெல்லாம் போச்சு, காலிகோத் துணி ஒட்டிக் கட்டிக் கொடுங்கள் என்றார்கள். புத்தகம் படிக்கப்பட்டதா இல்லையா என்று எங்களுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. படித்த புத்தகத்தின் வலது கீழ் மூலை கறுத்திருக்கும். முதல் ரெண்டு பாரம், அதாவது மடித்துச் சேர்த்துத் தைத்த தாள் கட்டு, தையலில் தளர்ந்து தொங்கும். நடுவில் எங்காவது ஒரு பஸ் டிக்கெட்டோ, அரிசிமுறுக்குத் துணுக்கோ இருக்கும். இந்த நாலு சாக்கில் அப்படி எதுவும் இல்லை. அச்சகத்தில் ஓரம் வெட்டும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட தாள்கள் அப்படியே ஒட்டிக்கிடந்தன. தேதி போடுகிற சீட்டு வெள்ளையாக இருந்தது. பள்ளி முத்திரை மட்டும் முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம் என்று தவறாமல் விழுந்திருந்தது. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து பூச்சி வராமல் கட்டிக் கொடுத்தேன். கூலியும் சரியாக வந்தது. புத்தகங்கள் திரும்பவும் அதே பீரோவுக்குள்தான் போயிருக்கும்.

அந்த நாலு சாக்குதான் இந்த மடலை எழுத வைத்தது. கேட்பது ஒன்றே ஒன்று. முழு ஆண்டுத் தேர்வு முடிகிற அன்று, பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் இங்க் தெளித்துக்கொண்டு ஓடுவதற்கு முன்னால், பீரோவைத் திறந்து ஆளுக்கு ரெண்டு புத்தகம் கையில் கொடுத்து அனுப்புங்கள். ஜூன் மாதம் திருப்பித் தரட்டும்.

உங்கள் பயம் எனக்குத் தெரியும். இருப்புப் பதிவேடு, தணிக்கை, கணக்கில் குறைந்தால் கைக்காசு. ஒரு தலைமை ஆசிரியர் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "பசங்க கிழிச்சிடுவாங்கப்பா." கிழிப்பார்கள்தான். அட்டையைப் பிய்ப்பார்கள், கறிக்குழம்பு சிந்துவார்கள், தம்பி பேனாவால் மீசை வரைவான். அதற்கெல்லாம் வழி உண்டு. தையல் பிரிந்தால் பாரம் பாரமாக மறுபடி தைக்கலாம். வெறும் கோந்தில் ஒட்டிய புத்தகமானால் முதுகில் ரம்பத்தால் கீறி நூல் இறக்கிக் கட்டிவிடலாம். அரைமணி நேர வேலை.

இந்த ஊர் வெயிலை உங்களுக்கு நான் சொல்லவேண்டாம். தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரமில்லாத மலை என்று பேர் வாங்கிய ஊர். கத்திரி தொடங்கினால் காலை பதினோரு மணிக்கு மேல் நாயும் நடமாடாது. அப்போது பிள்ளை வீட்டுக்குள் என்ன செய்யும்? செல்போன்தான். பிடுங்கி வைத்தால் அழுகை. அந்த நாலைந்து மணி நேரம்தான் நான் கேட்கிறது.

நைனா காலத்தில் ஏப்ரல், மே மாதம் கடைக்கு வேறு ஒரு வேலை வரும். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, லீவுக்கு முன்னால் கட்டுப்போடக் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். 'பொன்னியின் செல்வன்' 1950-ல் 'கல்கி' இதழில் தொடங்கி 1954 வரை ஓடியது. பிறகும் அதே இதழில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு தலைமுறை அதைக் கிழித்துச் சேர்த்தது. படம் ஒருபக்கம், சோப்பு விளம்பரம் ஒருபக்கம், அத்தியாயம் முடிகிற இடத்தில் பாதி ஜோக்கு. எல்லாம் சேர்த்துத்தான் கட்டுவோம்.

அப்படி ஒருத்தர் கொடுத்துவிட்டுப் போன அஞ்சு கட்டு, வாங்க ஆளே வரவில்லை. ரெண்டு வருஷம் பரணில் கிடந்தது. எனக்குப் பதின்மூன்று வயது. ஒரு மே மாதம் அட்டை வெட்டுகிற மேஜைக்குக் கீழே, பசை வாசனையில், குப்புறப் படுத்து அதைப் படித்தேன். மூன்றாம் பாகத்தில் ஒரு வாரம் இல்லை. அந்த அம்மா எந்த வேலையில் மறந்தாரோ! அந்த ஒரு அத்தியாயத்தில் என்ன நடந்திருக்கும் என்று நானே நாலைந்து விதமாகக் கதை கட்டிவைத்திருந்தேன். கிடைத்துப் படித்தபோது எனக்கு இருபத்துநாலு வயது. நான் கட்டியது எதுவும் பொருந்தவில்லை. என் கதைதான் நன்றாக இருந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கல்கி மன்னிப்பார்.

"படம்தான் பாத்துட்டமே" என்று பையன்கள் சொல்வார்கள். சொல்லட்டும். அவர்களிடம் வந்தியத்தேவன் எந்த ஊர் என்று கேளுங்கள். வாணர் குலத்தவன் என்று கதை சொல்லும். அந்த வாணர்கள் ஆண்ட திருவல்லம் எங்கேயோ இல்லை, பொன்னை ஆற்றங்கரையில், ராணிப்பேட்டைக்கும் காட்பாடிக்கும் நடுவில் கிடக்கிறது. கதையில் பெரியவர்கள் பெருமூச்சு விட்டுச் சொல்கிற தக்கோலப் போர் 949-ல் நடந்தது. சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே மாண்ட அந்தத் தக்கோலம் அரக்கோணம் பக்கம். அங்கிருந்து உங்கள் பள்ளிக்குப் பிள்ளைகள் வருகிறார்களோ என்னவோ, அவர்களிடம் யாராவது இதைச் சொல்லியிருக்கிறோமா? அஞ்சு பாகத்தையும் தூக்கிக் கொடுத்து மிரட்டாதீர்கள். 'புது வெள்ளம்' என்கிற முதல் பாகம் மட்டும் போதும். ஆடிப்பெருக்கன்று ஏரிக்கரையில் குதிரை கிளம்பிவிட்டால், "ரெண்டாம் பாகம் கீதா சார்?" என்று லீவிலேயே வந்து கதவைத் தட்டுவான்.

எட்டாவது, ஒன்பதாவதுக்குத் தடித்த புத்தகம் வேண்டாம் என்பது என் எண்ணம். அசோகமித்திரனின் 'தண்ணீர்' மெலிந்த நாவல், ரெண்டு பகலில் முடியும். சென்னையில் ஒரு தெருவில் தண்ணீர் இல்லை, ஜமுனா என்று ஒருத்தி, அவள் தங்கை, ஒரு குடம். அவ்வளவுதான் கதை என்று தோன்றும். என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு கட்டுக்கு வந்த பிரதியை எடுத்துப் படித்துவிட்டு, "இன்னாப்பா, நம்ம தெரு கதை மாதிரியே கீது" என்றாள். காவிரித் தண்ணீர் குழாயில் வருவதற்கு முன்னால் இந்த ஊரில் ராத்திரி ரெண்டு மணிக்குக் குடத்தோடு எழுந்த அம்மாக்களின் பிள்ளைகளுக்கு அதை விளக்கவே வேண்டாம். பாலாற்றில் ஊற்று தோண்டிக் குடித்த பாட்டி யாராவது வீட்டில் இருந்தால், படித்த பிள்ளை அவரிடம் ஒரு கேள்வியாவது கேட்கும்.

அதே மாதிரி பூமணியின் 'வெக்கை'. தலைப்பே நம்ம மே மாதம். ஒரு பையனும் அவன் தகப்பனும் காட்டில் ஒளிந்து திரிகிற கதை. கொலையில்தான் தொடங்குகிறது. அதனால் பத்தாவது முடித்தவர்களுக்கு வையுங்கள். இதிலிருந்துதான் 'அசுரன்' எடுத்தார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடைசி பெஞ்சும் கை நீட்டும். பேச்சு கரிசல் பேச்சு, முதல் பத்துப் பக்கம் தடுக்கும். பிறகு பழகிவிடும்.

ஜெயமோகனின் 'யானை டாக்டர்' ஒரு நெடுங்கதைதான், சிறு புத்தகமாகவும் வந்திருக்கிறது. டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி என்கிற உண்மையான கால்நடை மருத்துவரை வைத்து எழுதியது. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்துப் பள்ளிகள் இதைக் கட்டாயம் கொடுக்கவேண்டும். ஆந்திரக் காட்டிலிருந்து யானை இறங்கி வாழையையும் கரும்பையும் மிதித்துப் போகிற ஊர்கள் அவை. பட்டாசு வெடிக்கிற கோபம் அங்கே நியாயமானது, அதைக் கதை மாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. யானையின் காலில் குத்துகிற உடைந்த பாட்டிலைப் படித்த பையன் மலையடிவாரத்தில் பாட்டிலை வீசுமுன் ஒரு நொடி நிற்பான். என் கடைப்பையன் நின்றான், கண்ணால் பார்த்தேன்.

இனி நம்ம ஊர் ஆட்கள்.

மு. வரதராசனார் 1912-ல் பிறந்தவர், வாலாஜாபேட்டை பக்கம் வேலம் கிராமத்துக்காரர். அவருடைய 'அகல் விளக்கு' 1961-ல் சாகித்திய அகாதமி பரிசு வாங்கியது. சந்திரன், வேலய்யன் என்று ரெண்டு நண்பர்கள். வாலாஜாபேட்டைத் தெருவில் கதை ஆரம்பிக்கிறது. உண்மையைச் சொல்லவேண்டுமென்றால், மு.வ. நிறைய புத்தி சொல்வார். சில இடங்களில் கதையை நிறுத்திவிட்டே சொல்வார். அங்கே பக்கம் தள்ளிக்கொள்ளலாம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிடுங்கள். கெட்டிக்காரன் விழுவதையும் சாதாரணமானவன் நின்றுவிடுவதையும் அவர் அவசரமில்லாமல் காட்டுகிற விதம் மனசில் தங்கும். என் கடைக்கு அதிகமாக முதுகு பிய்ந்து வருவது அவருடைய திருக்குறள் தெளிவுரை. சட்டைப்பையில் போகிற அளவில் இருப்பதால் அந்தக் கதி.

அழகிய பெரியவன் பேரணாம்பட்டுக்காரர். 'தகப்பன் கொடி', 'வல்லிசை' ரெண்டும் நாவல். நிலமும் சாதியும் பறையும் வருகிற கதைகள். "இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் எதுக்கு, பிரச்சனை வரும்" என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். ஆறாவதுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. மேல்நிலை வகுப்புக்குச் சொல்கிறேன். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கிறது. தன் ஊர்ப் பேச்சு அச்சில் இருப்பதை அது ஒரு தடவையாவது பார்க்கவேண்டாமா? "கீது", "இன்னா" என்று பேசினால் சிரிப்பு வாங்கியே வளர்ந்த ஆட்கள் நாம்.

நீளமாகப் படிக்காத பிள்ளைக்கு அப்துல் ரகுமான். வாணியம்பாடி இசுலாமியா கல்லூரியில் பல வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். 'ஆலாபனை'க்கு 1999-ல் சாகித்திய அகாதமி. ஒரு பக்கத்துக்கு ஒரு கவிதை, வெள்ளை இடம் நிறைய. புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிறவனும் கொஞ்சம் நிற்பான்.

சின்னப் பிள்ளைகளுக்கு அரசே 'வாசிப்பு இயக்கம்' என்று 'நுழை, நட, ஓடு, பற' நாலு படியில் குட்டிப் புத்தகங்கள் கொடுத்திருக்கிறது. அவையும் கட்டு பிரிக்காமல் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். நடுப்பின் அடித்தவை, பின் துருப்பிடித்தால் தாள் கழன்றுவிடும். பின்னை எடுத்துவிட்டு ஊசி நூலில் மூன்று ஓட்டை போட்டு ஒரு முடிச்சு. அஞ்சாவது படிக்கிற பெண்ணுக்கே சொல்லிக்கொடுத்துவிடலாம். இவற்றோடு ம.இலெ. தங்கப்பாவின் 'சோளக்கொல்லைப் பொம்மை' பாட்டுப் புத்தகமும் இருந்தால் நல்லது. 2010-ல் சாகித்திய அகாதமியின் சிறுவர் இலக்கியப் பரிசு பெற்றது. சத்தம் போட்டுப் படிக்கவேண்டிய புத்தகம். வீட்டில் தூங்குகிற தாத்தா எழுந்துகொள்வார், பரவாயில்லை.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். 1806 ஜூலை 10-ம் தேதி விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை, உள்ளே காவலில் திப்புவின் பிள்ளைகள், ஆற்காட்டிலிருந்து பாய்ந்து வந்த குதிரைப்படை, அன்று பகலுக்குள் எல்லாம் முடிந்த கதை. ஞாயிற்றுக்கிழமை கோட்டைப் பூங்காவில் பொரி தின்கிற எட்டாவது பிள்ளை ஒரே மூச்சில் படிக்கிற மாதிரி இதைச் சொல்லும் புத்தகம் ஒன்றுகூட என் கைக்குக் கட்டுக்கு வந்ததில்லை. உங்கள் வரலாற்று ஆசிரியர்களில் யாராவது எழுதினால் நானே கட்டித் தருகிறேன்.

புத்தகம் கொடுத்தால் தயவுசெய்து "சுருக்கம் எழுதி வா" என்று சொல்லாதீர்கள். சுருக்கம் கேட்டால் பின்னட்டையைப் பார்த்து எழுதிவிட்டு உள்ளே திறக்கமாட்டார்கள், என் மகனே அதைச் செய்தவன். வந்ததும், "எதுல நிறுத்தின?" என்று மட்டும் கேளுங்கள். பாதியில் நிறுத்தியவனையும் திட்டவேண்டாம், வேறொன்றைக் கையில் கொடுங்கள். யார் எதை எடுத்துப்போனார்கள் என்று எழுத நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தொலைத்தவன் வேறொரு புத்தகம் வாங்கி வைத்தால் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று உங்கள் மேலிடத்தில் ஒரு தடவை கேட்டுப்பாருங்கள்.

திரும்பி வருகிறவற்றில் கிழிந்ததைத் தனியாக ஒரு சாக்கில் போட்டு வையுங்கள். பள்ளிக்கு முதல் இருபது புத்தகம் கூலி இல்லாமல் கட்டித் தருகிறேன், காலிகோ செலவும் என்னுடையது. ஜூனில் மட்டும் அனுப்பவேண்டாம், பள்ளி திறக்கிற மாதம் நோட்டு வேலையில் மூச்சுவிட நேரம் இருக்காது. ஜூலை பத்தாம் தேதிக்கு மேல் அனுப்புங்கள். உள்ளே இருக்கிற பஸ் டிக்கெட்டை எடுத்துவிடாதீர்கள், நான் பார்க்கவேண்டும்.

இப்படிக்கு,
வேலூர் சைதாப்பேட்டையில் ஒரு பைண்டர்